ரன் தடுக்க வந்தவர்கள் புது இடத்தில் நின்றால்?

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் நியூயார்க் மெட்ஸ் அணி 2025 ஜூன் 12 அன்று 45 வெற்றி, 24 தோல்வி. சீசன் முடிவில் 83-79, பிளே-ஆஃப் வாசலிலேயே நின்றுபோனது. அதன்பின் அணியின் நிர்வாகத் தலைவர் டேவிட் ஸ்டெர்ன்ஸ் சொன்ன வைத்தியம், "ரன் தடுப்பு": எதிரணிக்கு ரன் விடாமல் காப்பது. வியாதியைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார். மருந்துச்சீட்டில்தான் எனக்குச் சந்தேகம்.

முதல் பேஸில், அதாவது அடித்தவர் ஓடிச் சேரும் முதல் முனையில், மற்றவர்கள் எறியும் பந்தைப் பிடிக்க நின்ற பீட் அலோன்சோ 5 வருடம், 15.5 கோடி டாலருக்கு ஓரியோல்ஸ் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஹோர்ஹே பொலாங்கோ: 2 வருடம், 4 கோடி. 2025-ல் மரைனர்ஸுக்கு 26 ஹோம் ரன் அடித்தவர், மட்டையில் குறை சொல்ல முடியாது. ஆனால் மேஜர் லீக்கில் முதல் பேஸ் அனுபவம் அவருக்கு இல்லை என்றே சொல்லலாம்.

"முதல் பேஸ்தானே, யாரும் நிற்கலாம்" என்கிறார்கள். நிற்கலாம், பிடிப்பதுதான் வேறு. புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு எப்போதும் ஒன்றுதான்: எறிபவர் கையை விட்டுப் பந்து கிளம்பும் முன்பே காலை நீட்டிவிடுவார்கள். எறிதல் இரண்டடி விலகி வந்தால் உடம்பைத் திருப்ப வழியில்லை. பேஸுக்குப் பக்கத்தில் தளர்வாக நின்று, பந்தின் திசை தெரிந்த பிறகே ஒரு காலை ஓரத்தில் வைத்து மறு காலை நீட்ட வேண்டும். தரையில் குத்தி வரும் பந்துக்கு மிட் (கையுறை) கீழிருந்து மேலே வரணும். மேலிருந்து இறக்கினால் அடியில் புகுந்துவிடும். இது சில வார வசந்தகாலப் பயிற்சியில் மூளைக்கு ஏறும், கைக்கு ஏறாது.

அலோன்சோ பெரிய காவல்காரர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதே ஜூன் 12-ல் அவர் உயர எறிந்த பந்துக்கு எம்பித்தான் பந்து வீச்சாளர் செங்காவுக்குத் தொடைத்தசை பிடித்துக்கொண்டது. ஆனால் ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில்) நிற்கும் லிண்டோரின் தாழ்ந்த எறிதல்களை அள்ளுவதில் கெட்டிக்காரர்.

மூன்றாம் பேஸில் போ பிஷெட். 3 வருடம், 12.6 கோடி, முதல் இரண்டு சீசனில் எது முடிந்தாலும் கிளம்பிப் போகும் உரிமை அவருக்கு உண்டு. 2025-ல் .311 பேட்டிங் சராசரி வைத்தவர், சரி. ஷார்ட்ஸ்டாப்பில் அவர் தடுப்பாட்டம் கடைசி வரிசையில் இருந்தது என்பதால்தான் இடமாற்றமே. மூன்றாம் பேஸில் ஓடத் தேவை குறைவு. ஆனால் மூன்றிலிருந்து முதலுக்கு 127 அடி, பந்து வரும் நேரமோ பாதி. பண்ட் (மட்டையால் மெல்லத் தட்டிவிட்ட பந்து) வந்தால் முன்னே பாய்ந்து வெறுங்கையால் எடுத்து, ஓடிக்கொண்டே எறியணும். அவர் கை அவ்வளவு பலமானதா? இந்த இடத்தில் மேஜர் லீக்கில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை.

விலையையும் பாருங்கள். அணியின் மொத்தச் சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டினால் லீக்குக்கு வரி. 2026-ல் அந்த வரிக்கோடு 24.4 கோடி டாலர், 30.4 கோடியைத் தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் மெட்ஸ் 110 சதவீதம் வரி கட்டணும். அப்படியானால் பிஷெட்டின் வருடச் சம்பளம் 4.2 கோடி, வரியோடு அணிக்கு 8.8 கோடி. போதாக்குறைக்கு இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இரண்டு தேர்வும் போச்சு.

நல்லதையும் சொல்லணும். பந்து வீச்சாளர் ஃப்ரெடி பெரால்டாவை வாங்கியது பிரமாதம்: 2025-ல் 176⅔ இன்னிங்ஸ், ERA (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்ட ரன் சராசரி) 2.70, சம்பளம் வெறும் 80 லட்சம் டாலர். அவரும் 2026-க்குப் பிறகு சுதந்திரப் பறவை. இன்னொரு வீச்சாளர் டெவின் வில்லியம்ஸின் ERA 2025-ல் யாங்கீஸில் 4.79, எட்வின் டியாஸ் விட்டுப்போன கடைசி ஒன்பதாவது இன்னிங்ஸை வீசி முடிக்கும் பொறுப்பு அவர் தலையில்.

2026 சீசனின் முதல் மாதம் ஹோம் ரன் கணக்கைப் பார்க்கப்போவதில்லை. லிண்டோர் தரையோடு எறியும் பந்து பொலாங்கோ மிட்டுக்குள் போகிறதா, வேலிக்குப் போகிறதா என்றுதான் பார்ப்பேன்.