மாமாவின் மில்லில் பூத்த பூ

பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை போகிற சாலையில் எங்கள் தாய்மாமா மாவு மில் வைத்திருக்கிறார். களிக்கு ராகி அரைக்க வருகிற கூட்டம்தான் அவருக்குப் பாதி வியாபாரம். போன மாதம் பெயர்ப் பலகைக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்டர் மாவுக்கான ஃப்ளவரை எஃப், எல், ஓ, டபிள்யூ, இ, ஆர் என்று பூவுக்கான ஸ்பெல்லிங்கில் எழுதிவிட்டுப் போய்விட்டார்.

யாரோ அதைப் போட்டோ எடுத்து எங்கள் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் போட, ஒரே சிரிப்பு. "ராயக்கோட்டைப் பக்கம் பூ ஜாஸ்தி, அதான் அரைக்கிறாங்க" என்றான் ஒருவன். இன்னொருவன், "மாவு அறைக்கிற இடத்துல இங்கிலீஷ் எதுக்கு?" என்று கேட்டான். வல்லின ற போட்டு! அரைப்பது மாவை, அறைவது கன்னத்தில். அதை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

சரி, பெயிண்டருக்காக நான் வாதாடுகிறேன். மாவும் பூவும் ஆங்கிலத்தில் பிறக்கும்போது ஒரே சொல். பழைய பிரெஞ்சில் இருந்து வந்தது. அரைத்துச் சலித்ததில் கிடைக்கிற நைசான, உயர்ந்த பகுதியைத் தானியத்தின் 'பூ' என்றார்கள். நமக்கு இது புதிதா என்ன? துருவிய தேங்காயைத் தேங்காய்ப்பூ என்கிறோம். மில்லுக்கு வருகிற அக்காக்களும் "அண்ணா, மாவு பூ மாதிரி இருக்கணும்" என்றுதான் சொல்கிறார்கள். ரொம்ப காலம் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதினார்கள். 1755இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட பெரிய அகராதியிலேயே இரண்டும் தனித்தனிச் சொல்லாகப் பிரியவில்லை. ஆக, எங்கள் பெயிண்டர் கொஞ்சம் தாமதமாகப் பிறந்துவிட்டார், அவ்வளவுதான்.

பேருந்து நிலையத்துப் பேனா, நோட்டுக் கடைகளில் 'ஸ்டேஷனரி' என்பதில் இ வர வேண்டிய இடத்தில் ஏ இருக்கிறது என்று சிரிப்பவர்களுக்கும் இதே பதில். தெருத்தெருவாகக் கூவி விற்காமல் ஒரே இடத்தில் கடை போட்டவர்தான் ஸ்டேஷனர். அசையாமல் நிற்பதைக் குறிக்கும் சொல்லுக்கும் அதற்கும் ஒரே வேர்.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. நான் படித்தபோது டிக்டேஷனில் பிள்ளைகள் குழம்பக் கூடாது என்று ஆசிரியர் பூவை 'ஃப்ளவர்' என்றும் மாவை 'ஃப்ளோர்' என்றும் சொல்லிக் கொடுத்தார். மார்க் கிடைத்தது. ஆனால் அகராதியைத் திறந்து பாருங்கள், இரண்டுக்கும் ஒரே உச்சரிப்புதான். பிற்பாடு பெங்களூரில், வெளிநாட்டுக்காரர்களுக்குப் போனில் பதில் சொல்லும் வேலை கிடைத்தது. ஒரு இங்கிலாந்து அம்மா, வந்த பார்சல் கிழிந்திருக்கிறது என்றார். "ஃப்ளோர் கொட்டிவிட்டதா?" என்று அக்கறையாகக் கேட்டேன். "ஆமாம், ஃப்ளோர் முழுக்க" என்றார். அவர் சொன்னது தரையை. ஐந்து நிமிடம் நான் மாவையும் அவர் தரையையும் பேசிக்கொண்டிருந்தோம்.

ஒரே மாதிரி ஒலிப்பதற்கு வேறுபாடு கண்டுபிடித்துக் கற்பித்தோம். உண்மையிலேயே வேறாக ஒலிப்பதை விட்டுவிட்டோம். ஐஸ்கட்டிக்கும் ஐஸ், கண்களுக்கும் ஐஸ். விலைக்கும் பிரைஸ், பரிசுக்கும் பிரைஸ். கண்களும் பரிசும் வண்டு ரீங்கரிப்பது போல் தொண்டை அதிர முடிய வேண்டும். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தால் தெரியும். 'வெஸ்ட்' இன்னொன்று. மேற்குத் திசை என்றால் உதட்டைக் குவிக்க வேண்டும், பல் படக்கூடாது. பனியன் என்றால் மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். நம் எழுத்து இவற்றைப் பிரிப்பதில்லை. அது தமிழின் குறையும் இல்லை, தமிழுக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் இங்கிலீஷ் பீரியடில் யாராவது சொல்லியிருக்கலாம். பத்து நிமிட வேலை. ஸ்பெல்லிங்கைப் போனே திருத்திக்கொள்கிற காலத்திலும் சிவப்பு மை அங்கேயேதான் ஓடுகிறது.

இதையெல்லாம் மாமாவிடம் சொல்லி, பலகை அப்படியே இருக்கட்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஏன் மாப்பிள்ளை, சரியா எழுதினா எத்தனை எழுத்து?"

"அஞ்சு மாமா. இப்ப ஆறு இருக்கு."

"எழுத்துக் கணக்குலதான் காசு வாங்கினான். ஒரு எழுத்துக் காசைத் திருப்பித் தருவானான்னு கேளு."