அண்டர்டேல் கதையைப் பணம் போட்டவர்கள் எழுதவில்லை

அண்டர்டேல் என்ற கணினி விளையாட்டைப் பற்றிய உங்கள் பதிவில், "அண்டர்டேலில் காசு கொடுத்தவர்கள் சொன்னபடிதான் பாத்திரங்கள் வந்தன, கதையும் அவர்கள் இழுப்புக்குப் போனது" என்று எழுதியிருக்கிறீர்கள். இது சரியில்லை. 2013இல், மக்களிடம் நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் அதை உருவாக்கிய டோபி ஃபாக்ஸ் கேட்டது 5,000 டாலர், கிடைத்தது 51,124. பெரிய தொகை கொடுத்த ஆதரவாளர்கள் சிலருக்கு ஒரு பாத்திரத்தை வடிவமைக்கும் வாய்ப்பு இருந்தது உண்மைதான். அப்படி வந்த 'சோ சாரி' என்ற பாத்திரம் எங்கே இருக்கிறது, பாருங்கள். விளையாட்டின் ஹாட்லாண்ட் பகுதியில் உள்ள ஓவியக் கழக அறையில். அதுவும் உங்கள் கணினியின் கடிகாரம் அக்டோபர் 10, இரவு 8 மணி காட்டினால்தான் சந்திக்க முடியும்! இன்னொன்று கிளைட், அதுவும் ஓரத்தில்தான், தேடிப் போகாமல் கண்ணில் படாது. இரண்டையும் பார்க்காமலே முழு விளையாட்டையும் முடித்துவிடலாம், கதையில் ஓர் இழை கூடக் குறையாது.

கதையின் முக்கியப் பாத்திரங்களான டோரியல், சான்ஸ், பாபிரஸ் மூவரும் ஆதரவாளர் பரிசாக வந்தவர்கள் அல்ல. நிதி கேட்கும் முன்பே வெளியிட்ட டெமோவில் (முன்னோட்டப் பதிப்பில்) டோரியலைப் பார்க்கலாமே. கொடுத்த வாக்கையும் காப்பாற்றி, கதையின் முதுகெலும்பில் கைவைக்கவும் விடாமல் இடம் ஒதுக்கிய அந்தக் கவனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள். புதிதாக விளையாட்டு செய்ய வருகிறவர்கள் இதைப் படித்து ஆதரவாளர்களைக் கண்டு பயப்படக் கூடாது.