கணைய அழற்சி என்றாலே குடிகாரரா?

ஒருவருக்குக் கணைய அழற்சி என்று தெரிந்தவுடன் சுற்றியிருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "குடிப்பாரா?" என்பதுதான். மருத்துவர் அதைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் உறவும் சுற்றமும் அந்த ஒரு கேள்வியோடு விசாரணையை முடித்துத் தீர்ப்பும் எழுதிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மதுவின் வாடையே ஆகாத என் சித்திக்கு இந்நோய் வந்தபோதுகூட, பார்க்க வந்த உறவினர் ஒருவர் சித்தப்பாவைத் தனியே அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தி அதைத்தான் கேட்டார்.

கணையத்தை இன்சுலின் சுரக்கும் உறுப்பாகவே நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். உண்மையில் அதன் பெரும்பகுதி செரிமானத்துக்காகவே உழைக்கிறது. இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும், ஏறத்தாழ 15 செ.மீ. நீளமே உள்ள இந்தச் சுரப்பி, நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் கணைய நீரைச் சுரக்கிறது. இரைப்பையிலிருந்து அமிலம் கலந்த உணவுக்கூழ் முன்சிறுகுடலுக்குள் இறங்கியதும், குடற்சுவரிலிருந்து செக்ரெடின் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் கலந்து கணையத்தை எட்டுகிறது. உடனே பைகார்பனேட் நிறைந்த நீர் வந்து அமிலத்தைத் தணிக்கிறது. 1902இல் லண்டனில் பெய்லிஸ், ஸ்டார்லிங் இருவரும் இதைக் கண்டறியும்வரை, இந்தச் சுரப்பை நரம்புகளே தூண்டுவதாக நம்பப்பட்டது. அந்த நீரோடு மாவுப்பொருளுக்கு அமைலேஸ், கொழுப்புக்கு லைப்பேஸ், புரதத்துக்கு டிரிப்சின் முதலான நொதிகளும் வந்து சேர்கின்றன.

என்னை மிகவும் வியக்க வைப்பது கணையம் தன்னைக் காத்துக்கொள்ளும் விதம். அதுவும் புரதத்தாலும் கொழுப்பாலும் ஆனதுதானே? தான் சுரக்கும் நொதி தன்னையே தின்றுவிடாதபடி, டிரிப்சினை அது டிரிப்சினோஜென் என்னும் செயலற்ற வடிவில்தான் அனுப்புகிறது. குடலை அடைந்த பிறகு அங்குள்ள என்டரோகைனேஸ் என்னும் நொதி அதை விழிக்கச் செய்ய, விழித்த டிரிப்சின் மற்ற நொதிகளையும் எழுப்புகிறது. தப்பித்தவறிக் கணையத்துக்குள்ளேயே கொஞ்சம் விழித்துவிட்டால், அதைப் பிடித்து முடக்க ஒரு தடுப்புப் புரதமும் அங்கே இருக்கிறது. இந்தக் காவலையும் மீறி நொதிகள் உள்ளேயே விழித்துக்கொண்டால், கணையம் தன்னைத் தானே செரிக்கத் தொடங்குகிறது. ஹான்ஸ் சியாரி என்ற நோயியல் அறிஞர் 1896இலேயே இந்தக் கருத்தை முன்வைத்தார்.

காவலை மீறச் செய்வதில் மதுவுக்குப் பெரும் பங்கு உண்டு. புகையிலையும் தன் பங்குக்குக் கெடுக்கிறது. ஆனால் பித்தப்பைக் கல் மதுவுக்குச் சற்றும் இளைத்ததல்ல. பித்தநாளமும் கணையநாளமும் பெரும்பாலோருக்கு ஒரே வாயிலில்தான் குடலைச் சேர்கின்றன. பித்தப்பையிலிருந்து நழுவி இறங்கும் சின்னஞ்சிறு கல் ஒன்று அந்த வாயிலை அடைத்தாலே போதும். இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு டெசிலிட்டருக்கு 1000 மி.கி.யைத் தாண்டினாலும், கால்சியம் மிகுந்தாலும், சில மருந்துகளாலும், வயிற்றில் பலத்த அடி விழுந்தாலும் இந்நோய் வரலாம்.

தென்னிந்தியருக்கு இதில் இன்னொரு கதையும் உண்டு. கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் விரிவாகப் பதிவுசெய்த வெப்பமண்டலக் கணைய அழற்சி, மதுவே தொடாத இளைஞர்களையும் சிறுவர்களையும் தாக்கியது; கணையநாளத்தில் கற்கள் நிறைந்து, பின்னாளில் சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டது. நெடுநாள் மரவள்ளிக்கிழங்கின் மேல் பழி போட்டார்கள். ஆனால் கிழங்கு உண்ணாதவர்களுக்கும் அது வந்தது. பிற்கால ஆய்வுகளில், நான் மேலே சொன்ன அந்தத் தடுப்புப் புரதத்துக்கான ஸ்பிங்க்1 மரபணுவிலேயே நோயாளிகள் பலருக்கு மாற்றம் இருப்பது தெரியவந்தது. பிறப்பிலேயே காவல் தளர்ந்த உடம்பைப் பார்த்து ஒழுக்கத்தை விசாரிப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

இந்தச் சந்தேகம் உண்டாக்கும் கூச்சத்தால் சிலர் நோயையே மறைக்கிறார்கள்; வேறு சிலர் "கேஸ்தான்" என்று சோடாவைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். சித்தியும் முதல் நாள் இரவு அப்படித்தான் கழித்தார். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி அது. மல்லாந்து படுக்க முடியாமல், தலையணையை வயிற்றோடு அணைத்து முன்னால் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் இரத்தப் பரிசோதனையில் லைப்பேஸ் அளவு இயல்பின் உச்ச வரம்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. ஸ்கேனில் பித்தப்பை நிறையப் பொடிக்கற்கள். அழற்சி தணிந்ததும், வீட்டுக்கு அனுப்பும் முன்பே பித்தப்பையை எடுத்துவிட்டார்கள்.