பெரியவரே, கை வைக்காதீங்க

ஞாயித்துக்கிழமை பழைய வண்டிக் கண்காட்சியில, ஒரு லேலண்ட் காமெட் லாரி முன்னாடி நடந்த கூத்தைப் பத்தித்தான். வீடியோ எல்லாத்துக்கும் வந்திருக்கும். எனக்கே ஒன்பது பேர் அனுப்பிட்டாங்க, என்னமோ நான் அங்கே இல்லாத மாதிரி. அதுல வண்டியைச் சுத்திக் கட்டியிருந்த மஞ்சக் கயித்துக்கு இந்தப் பக்கம் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்கிற ஆளு நான்தான். "பாவம் பெரியவர், அவர் காலத்து வண்டி போல"ன்னு கீழே வரிசையா எழுதியிருக்கீங்க. பாவமெல்லாம் வேண்டாங்க. நான் கோவமா நின்னேன். கேமராவுல அது பாவமாத் தெரிஞ்சா நான் என்ன பண்றது.

வண்டிப் பக்கத்துல நின்ன தம்பிகிட்ட நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. கதவைத் திறந்து விடு தம்பி, ரெண்டு நிமிஷம் சீட்டுல உட்காந்து பாக்கறேன்னேன். அதுக்கு வந்த பதில்தான் தலைப்பு. பெயிண்ட் புதுசாம். கை பட்டா அச்சு விழுமாம். ஏனுங்க, அந்த ஸ்டேரிங்கைப் புடிச்சுப் புடிச்சுக் காய்ச்சுப் போன கை இது. இது பட்டு அதுக்கு என்ன புதுசா ஆயிரப் போகுது?

அது பொம்மை இல்லைங்க, வண்டி. இதை மட்டும் பத்துத் தடவை வேணும்னாலும் சொல்லுவேன். சலிச்சுக்காதீங்க.

முன்னாடி ஒரு பலகை வெச்சிருந்தாங்க. கண்ணாடி மாதிரி மினுக்குது. "பிரிட்டிஷ் லேலண்ட், இங்கிலாந்தில் தயாரானது, 1964." அந்தத் தம்பி அதைப் படிச்சுக் காட்டி, "ஒரிஜினல் பிரிட்டிஷ் வண்டி, தாத்தா"ன்னுச்சு. நான் எட்டாவது தாண்டாதவன். ஆனா பிரிட்டிஷ் லேலண்ட்ங்கற பேரே 1968ல, ரெண்டு பெரிய கம்பெனி ஒண்ணாச் சேந்தப்பத்தான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி அது லேலண்ட் மோட்டார்ஸ். நாலு வருஷம் கழிச்சுப் பொறக்கப் போற குழந்தைக்கு முன்னாடியே பேர் வெச்சுட்டாங்க.

அது போகட்டும். அந்த வண்டி இங்கிலாந்துலயா தயாராச்சு? எண்ணூர்ல வந்த வண்டிங்க அது. 1948ல ரகுநந்தன் சரண் தன் மகன் பேர்ல அசோக் மோட்டார்ஸ் ஆரம்பிச்சாரு. மொதல்ல ஆஸ்டின் ஏ40 காரைப் பாகம் பாகமாச் சேத்துப் பூட்டி வித்தாங்க. அப்புறம் லேலண்டோட ஒப்பந்தம். 1951ல எண்ணூர்ல பூட்டின மொத நாலு காமெட் டிப்பரும் மங்களூர் ஓட்டுக் கம்பெனிக்குப் போச்சு. 1955ல அசோக் லேலண்ட்னு பேர் மாறிருச்சு. வரைபடம் வெள்ளைக்காரனோடது, ஒத்துக்கறேன். ஆனா அந்தக் காலத்துல கம்பெனி கொடுத்தது சேஸிங்கற அடிச்சட்டமும், இன்ஜினும், முன்மூஞ்சியும்தான். கேபின் யாரு கட்டினது? நாமக்கல்லுலயும் திருச்செங்கோட்டுலயும் ஆசாரிங்க மரத்தை அறுத்து, இழைச்சு, ஆப்படிச்சுக் கட்டினது. பக்கப் பலகை, பின்னாடிக் கதவு, நெத்தியில மாரியாத்தா படம், எல்லாம் நம்ம ஊர்க் கைதான். அந்தக் கேபின் மேலதான் பெயிண்ட் அடிச்சு ஒரிஜினல் பிரிட்டிஷ்ங்கறாங்க. கட்டின ஆசாரிக்கும் பலகையில இடமில்லை, ஓட்டினவனுக்கும் இல்லை. ஓனர் பேரு மட்டும் பெருசா இருந்துச்சு. அவரு போன வருஷம்தான் வாங்கினாராம்.

வீடியோவுல வராத ஒண்ணைச் சொல்றேன். சாயங்காலம் வண்டியை வெளியே எடுக்க அந்தத் தம்பியே ஏறுச்சு. ஸ்டார்ட் ஆயிருச்சு, அந்தச் சத்தத்துல எனக்கு மயிர் சிலிர்த்துப் போச்சு, பொய் சொல்லலை. ஃபர்ஸ்ட் விழுந்துச்சு. செகண்டுக்கு இழுத்தான் பாருங்க, கர்ர்ர்ருனு ஒரு சத்தம், கருங்கல்லை மிக்சியில போட்ட மாதிரி. திரும்பவும் கர்ர். வண்டி நின்னு போச்சு. நான் கயித்துக்கு இந்தப் பக்கமிருந்து, "டபுள் கிளட்ச் அடி கண்ணு, டபுள் கிளட்ச்"னு கத்தறேன். பக்கத்துல நின்ன ஒருத்தரு சிரிச்சாரு. கடைசியில எட்டுப் பேர் தள்ளிக்கிட்டுப் போனாங்க.

இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்காகச் சொல்றேன். இப்ப வர்ற வண்டியில கிளட்சை மிதிச்சுக் கியரைத் தள்ளினா விழுந்துரும். காமெட்ல விழாது. கிளட்சை மிதிச்சு நியூட்ரலுக்குக் கொண்டுவரணும், கிளட்சை விடணும், மறுபடி மிதிச்சு அடுத்த கியர் போடணும். கியரைக் குறைக்கும்போது இன்னொரு வேலையும் உண்டு. நியூட்ரல்ல இருக்கிற அந்த நொடியில ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி இன்ஜின் வேகத்தை ஏத்தணும். எவ்வளவு தட்டணும்? அதை எந்தப் புத்தகமும் சொல்லாது, காதுதான் சொல்லும். நான் 1969ல கிளீனராப் போனேன், பதினஞ்சு வயசு. எங்க டிரைவர் அண்ணன் ரெண்டு வருஷம் ஸ்டேரிங்கைத் தொடவே விடலை. "கண்ணை மூடிக்கிட்டு உக்காரு, என்ன கியர்ல போறேன்னு சொல்லு"ம்பாரு. தப்பாச் சொன்னா மண்டையில ஒரு கொட்டு. (இதைப் படிச்சுட்டு 'குழந்தைத் தொழிலாளர்'னு ஆரம்பிக்காதீங்க. தப்புத்தான். அதுக்குத் தனிப் பதிவு போடறேன்.)

அந்தக் கொட்டு என் உசுரைக் காப்பாத்துச்சுங்க. 1979. தாளவாடியில முட்டைக்கோஸ் ஏத்திக்கிட்டுத் திம்பத்துல இறங்கறேன். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு, ராத்திரி ரெண்டு மணி, பனி. எந்தக் கியர்ல ஏறுவியோ அந்தக் கியர்லதான் இறங்கணும்ங்கறது சட்டம். எனக்கு இருபத்தஞ்சு வயசுத் திமிரு, தேர்டுல இறக்கினேன். பாதி இறக்கத்துல பிரேக் சூடேறிப் போச்சு, பெடல் அடிவரைக்கும் போகுது, வண்டி நிக்கலை. செகண்டுக்குக் குறைக்கலாம்னு நியூட்ரலுக்கு எடுத்தேன், விழலை. ஏழு டன் லோடு, நியூட்ரல்ல, திம்பம் இறக்கத்துல! கிளீனர் பையன் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கற கட்டையைத் தூக்கிக்கிட்டுக் கதவைத் திறந்து குதிக்கத் தயாரா நிக்கறான். நான் ஆக்சிலேட்டரை அடி வரைக்கும் மிதிச்சு இன்ஜினை அலற விட்டு, அந்த அலறல்ல சரியான எடம் வர்றப்ப கிளட்சை மிதிச்சுத் தள்ளினேன். தேர்டுதான் விழுந்துச்சு, செகண்ட் இல்லை. ஆனா விழுந்துச்சு. வண்டி உறுமிக்கிட்டே வேகம் குறைஞ்சு அடுத்த வளைவை ஒரு முழ இடைவெளியில திரும்புச்சு. பண்ணாரி கோயில் வாசல்ல நிறுத்தி இறங்கறேன், கால் தரையில பாவலை.

அந்த வண்டிச் சாதிதான் அங்கே கயிறு கட்டி நின்னுச்சு. அதைத்தான் என்னைத் தொடக் கூடாதுன்னாங்க.

இப்ப ஆட்சேபணைக்காரங்க வருவீங்க.

"ஏறும்போது விழுந்து கால் ஒடிஞ்சா யாரு பொறுப்பு? இன்சூரன்ஸ் இருக்குல்ல." நியாயம். எழுபத்திரண்டு வயசு, முட்டி தேஞ்சு போச்சு. ஆனா பத்து நிமிஷம் முன்னாடி ஒரு சினிமாக்காரப் பொண்ணு உசரமான செருப்போட பேனட் மேலயே ஏறி உக்காந்து ரீல்ஸ் எடுத்துச்சே, அப்ப இன்சூரன்ஸ் டீ குடிக்கப் போயிருந்துச்சா?

"லேலண்ட் என்னங்க வண்டி, டாட்டா பென்ஸ்தான் வண்டி. மைலேஜும் கூட, ஸ்பேரும் எல்லா ஊர்லயும் கிடைக்கும்." நீங்க வருவீங்கன்னு தெரியும். மைலேஜ் விசயத்துல நீங்க சொல்றது கொஞ்சம் சரிதான். மேல பேச எனக்கு இஷ்டமில்லை.

"கரும்புகை, சத்தம், சூடு. அந்த நரகத்துக்கா ஏங்கறீங்க?" இந்தக் கேள்விதான் என்னைக் குத்துச்சு, ஏன்னா கேட்டது என் சொந்த மச்சினன். நரகம்தான் மாப்பிள்ளை, யாரு இல்லைன்னா? இன்ஜின் கேபினுக்குள்ள இடது கைப்பக்கம் இருக்கும். பம்பாய் போய்த் திரும்பறதுக்குள்ள இடது கால் வெந்துரும், தோல் இன்னும் கறுப்பாத்தான் இருக்கு. இடது காதும் பாதிதான். பவர் ஸ்டேரிங் கிடையாது, லோடோட திருப்பினா தோள்பட்டை கழண்டு வர்ற மாதிரி இருக்கும். இப்பப் புது லாரிக்கு ஏசி கேபின் கட்டாயம்னு சட்டமே வந்துருச்சு. ரொம்ப நல்லது. நான் அந்தச் சூட்டுக்கு ஏங்கலை. அந்தச் சூட்டுல உக்காந்திருந்தவனையும் கொஞ்சம் கணக்குல எடுங்கங்கறேன். வேற என்ன கேட்டுட்டேன்?

லேலண்டுன்னா இங்கிலாந்துல லங்காஷயர்ல ஒரு ஊர் பேருங்க. என் தங்கச்சி பையன் அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கான். பழைய பேக்டரி இருந்த எடத்துலயே லாரிக்குன்னு ஒரு மியூசியம் வெச்சிருக்காங்களாம், போயிட்டு வந்து போட்டோ அனுப்பினான். அவங்க வண்டிக்கெல்லாம் மிருகம் பேரா வெச்சிருக்காங்க. புலி, ஹிப்போ, ஆக்டோபஸ், பீவர். பீவர்னா அது ஏதோ நீர்நாய் மாதிரி மிருகமாம். நாங்க அந்தக் காலத்துல காய்ச்சல் வண்டின்னுல்ல நினைச்சுக்கிட்டு இருந்தோம். எங்க காமெட் ஒண்ணுதான் வானத்துல போற வால் நட்சத்திரம். வருஷா வருஷம் மே மாசம் லண்டன்லருந்து பிரைட்டனுக்குப் பழைய லாரி, பஸ்ஸெல்லாம் ரோட்டுலயே ஓட்டிக்கிட்டுப் போவாங்களாம், 1962லருந்து நடக்குதாம். அந்த வீடியோவும் அனுப்பினான். புகை விட்டுக்கிட்டு மேட்டுல திணறுது ஒரு வண்டி. ஸ்டேரிங்கைப் புடிச்சிருக்கிற வெள்ளைக்காரன் என்னைவிடக் கிழவன். அவனை யாரும் பாவம்னு சொல்லலை. ஒரிஜினல் பிரிட்டிஷ்தானே உங்களுக்கு வேணும்? இதையும் சேத்து இறக்குமதி பண்ணுங்களேன்.

சரி, எதுக்கு இவ்வளவு கோவம்னு வீட்டுக்காரி கேட்டா. யோசிச்சுப் பாத்தேன்.

என் மக பொறந்தப்ப நான் கோலாப்பூர்கிட்ட ஸ்பிரிங்குல மெயின் பட்டை உடைஞ்சு ரோட்டுல கிடந்தேன். பொம்பளைப் புள்ளைன்னு நாலு நாள் கழிச்சுத்தான் லாரி புக்கிங் ஆபீஸ்ல சொன்னாங்க. அவளுக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப ஒரு வீட்டுல, "அப்பா லாரி டிரைவராம்ல"ன்னு காபியை வெச்சுட்டு எந்திரிச்சாங்க. அந்த "ல"வை நான் இன்னும் மறக்கலை. செக்போஸ்ட்ல டேய்னுதான் கூப்பிடுவான். எனக்குப் பொண்ணு கொடுத்ததே என் மாமனாரு குடி போதையில பண்ணினதுன்னு அவ அண்ணன் இன்னைக்கும் சொல்லுவான் (அதே மச்சினன்தான்). பையனை நானே ஸ்டேரிங் பக்கம் விடலை. ஐடிஐ படிக்க வெச்சேன். அவன் அதுக்கு இன்னைக்கும் நன்றி சொல்றான்.

ஓட்டினப்ப மரியாதை இல்லை, சரி, தொழில் அப்படி. இப்ப என்னன்னா வண்டிக்கு மரியாதை வந்துருச்சு. மாலை போடறாங்க, பக்கத்துல நின்னு போட்டோ புடிக்கறாங்க, ஆட்டுக்கல்லு அம்மிக்கல்லை ஓட்டல் வாசல்ல வைக்கற மாதிரி வைக்கறாங்க. வண்டிக்கு மட்டும் வந்துருச்சுங்க. அந்தக் கயிறு சரியா எனக்கும் அதுக்கும் நடுவுலதான் போகுது.

"ஐயா, அடுத்த மாசம் சேலத்துல வைக்கறோம், உங்களைச் சிறப்பு விருந்தினராக் கூப்பிடறோம், சால்வை போடறோம்"னு நேத்து ராத்திரி ஒருத்தரு இன்பாக்ஸ்ல வந்தாரு. சால்வை வீட்டுல ஆறு இருக்குதுங்க, எல்லாம் கல்யாண வீட்டுல போட்டது. சாவியைக் கொடுக்கறீங்களான்னு கேட்டேன். கேட்டுச் சொல்றேன்னாரு. இன்னும் கேட்டுக்கிட்டு இருக்காரு.

அந்தத் தம்பிக்கு ஒரு விசயம். உன்மேல வருத்தமில்லை கண்ணு, உனக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். வீடியோவை நல்ல காதுப் பக்கம் வெச்சு நாலு தடவை கேட்டேன். ஐட்லிங்ல ஒரு தட்டல் கேக்குது, டீசலைப் பீச்சற இன்ஜெக்டர்ல ஒண்ணு சரியில்லை. அதுங்களுக்குப் போற டீசல் பைப் நட்டை ஒவ்வொண்ணா லேசாத் தளத்திப் பாரு. எதைத் தளத்தறப்ப தட்டல் நிக்குதோ அதுதான். அதைக் கழட்டி சர்வீஸ் பண்ணிப் போடு. அப்படியே விட்டு ஓட்டினா பிஸ்டன் போயிரும்.