ரப்பருக்கு எண்ணெய் வேண்டாம்

பழைய ராணுவப் பொருள்கள் பற்றிய இந்தக் கட்டுரையில், இறுகிப்போன ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். நான் தடவிப் பார்த்தவன்.

எங்கள் தாத்தா இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படையில் வண்டி ஓட்டியவர். புதுச்சேரியில் எங்கள் தெருவில் ‘சொல்தா வீடு’ என்றால்தான் தெரியும்; சொல்தா என்றால் பிரெஞ்சில் படைவீரர். அவருடைய ட்ரங்குப் பெட்டியில் கண்ணில் மாட்டும், ரப்பர் விளிம்பு வைத்த கண்ணாடி ஒன்று இருந்தது. எண்ணெய் தடவிய அன்று பளபளவென்று இருந்தது. இரண்டே மாதத்தில் விளிம்பு உப்பி, தொட்டால் விரலில் கரியாக ஒட்டியது. இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதிவிடும். பித்தளைக் கொக்கி உரசிய இடம்தான் முதலில் குழைந்தது. பித்தளையில் உள்ள செம்பு ரப்பர் கெடுவதை வேகப்படுத்தும்.

வெடித்த ரப்பரைப் பழையபடி ஆக்கவே முடியாது. ஆக்சிஜனும் ஓசோனும் அதன் மூலக்கூறுகளையே மாற்றிவிடுகின்றன. ஈரத்துணியால் மெல்லத் துடைத்து நிழலில் உலர்த்தி, மடிப்பு விழாமல் பொருளின் உள்ளே அமிலமில்லாத தாளைத் திணித்து, இருட்டான இடத்தில் வையுங்கள். மொட்டைமாடிக்குக் கீழே உள்ள பரண் வேண்டாம், வெயில் காலத்தில் அங்கே அடுப்பு மாதிரி கொதிக்கும்.

அப்புறம், பிவிசி பிளாஸ்டிக் மழைக்கோட்டு பிசுபிசுத்தால், அது வளைந்துகொடுப்பதற்காகச் சேர்த்த மென்மையூட்டி கசிவது. அதை ரப்பரோடு சேர்த்து வைக்காதீர்கள். விஷவாயு முகமூடி கிடைத்தால் பிள்ளைகள் மாட்டிப் பார்க்க விடவே வேண்டாம். பழைய வடிகட்டிகள் சிலவற்றில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் உண்டு.