போகரை விடு, அம்மாச்சி முழங்காலை எழுது

அக்கா மகள் அமெரிக்காவில் அக்குபங்சர், அதாவது சீன ஊசி வைத்தியம், முதுகலைக்கு விண்ணப்பம் போடுகிறாள். விலங்கியல் பட்டம் முடித்தவள். போன ஞாயிற்றுக்கிழமை உச்சிப்புளியில் என் வைத்தியசாலைக்கு வந்து, "மாமா, ஒரு தடவ பாத்துக் குடுங்க" என்று கட்டுரையை நீட்டினாள். ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தாய் என்று கல்லூரி கேட்கிறதே, அதற்கான இரண்டு பக்கம்.

முதல் வரியிலேயே ஐயாயிரம் ஆண்டு மரபில் உதித்துவிட்டாள். இரண்டாம் பத்தியில் சித்தர் போகர் சீனாவுக்குப் போய்த் திரும்பிவிட்டார். மூன்றாம் பத்தியில் நம் சித்த வைத்தியத்தின் வர்மமும் அக்குபங்சரும் ஒன்றே என்று தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

நான் பாளையங்கோட்டையில் சித்தா படித்தவன். போகரோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் அந்த இரண்டு பக்கத்தில் என் அக்கா மகளைத் தேடிப் பார்த்தேன், ஆளைக் காணோம். "இதுல நீ எங்கத்தா இருக்க?" என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

அவளுடைய அம்மாச்சி, அதாவது என் அம்மா, சின்னப்பாலத்தில் நாற்பது வருஷம் கடல்பாசி எடுத்தவள். விரலில் துணியைச் சுற்றி, உள்ளங்காலில் தகரத்தைக் கட்டி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி, மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பிய்த்து வருவாள். கரையேறினால் தோளும் முழங்காலும் அவளுடையதாக இருக்காது. இந்தப் பிள்ளை எட்டு வயசிலிருந்து அந்தக் காலைப் பிடித்துவிட்டவள். முழங்கால் சில்லுக்குக் கீழே நாலு விரல் விட்டு, வெளிப்பக்கமாக ஓர் இடம். "அங்கதான், அங்கதான், அமுக்கு" என்று அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். அதே இடத்தில் சீனர்களுக்கும் ஒரு புள்ளி உண்டு. சூசான்லி என்று பெயர். அவர்களும் நோயாளியின் விரலை வைத்தே அளக்கிறார்கள், நாம் வர்மத்துக்கு விரற்கடை பார்க்கிற மாதிரி.

"அப்ப ரெண்டும் ஒண்ணுதான மாமா?" என்றாள். இல்லை. அங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். அவர்கள் கணக்கில், உடம்பில் ஓடுவதாகச் சொல்லும் 14 தடங்களில் 361 புள்ளிகள். நம் கணக்கில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அடிபட்டால் எந்த இடம் ஆளைச் சாய்க்கும் என்ற கவலையிலிருந்து வளர்ந்தது வர்மம். அவர்கள் ஊசி வைக்கிறார்கள், மூலிகைப் பஞ்சைக் கொளுத்திச் சூடு காட்டுகிறார்கள். அந்த மூலிகை நம் மாசிப்பத்திரிக்குச் சொந்தக்காரச் செடி, நம் புற மருத்துவத்திலும் சூடு வைக்கிற சுட்டிகை உண்டு. சொந்தம் இருக்கிறது, சரி. அதற்காகச் சித்தப்பாவும் அப்பாவும் ஒரே ஆள் ஆகிவிட மாட்டார்கள். இரண்டும் எங்கே பிரிகிறது என்று எழுதத் தெரிந்த பிள்ளையைத்தான் நானாக இருந்தால் சேர்த்துக்கொள்வேன்.

சீனத் தொடர்பு வேண்டுமென்றால் அதற்குப் போகர் எதற்கு? பெரியபட்டினத்து மண்ணைத் தோண்டினால் சீனப் பீங்கான் சில்லு வருகிறது. நம் கரைக்குச் சீன மருத்துவம் ஊசியாக வரவில்லை, சாக்குமூட்டையில் அள்ளிக்கொண்டு போகத்தான் வந்தது. சிறுநீரக பலத்துக்கும் ஆண்மைக்கும் என்று அவர்கள் மருந்தில் கடல்குதிரை சேர்ப்பார்கள். கடல் அட்டை அவர்களுக்கு விருந்தும் மருந்தும். 2001ல் இரண்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், புலி இருக்கிற அதே அட்டவணை. அதன் பிறகு எத்தனை வீட்டு ஆம்பளைகள் கோர்ட்டுக்கு நடந்தார்கள் என்று மண்டபம், வேதாளைப் பக்கம் கேட்டுப் பாருங்கள். அக்கா மகள் சின்ன வயசில் பக்கத்து வீட்டு மிட்டாய் டப்பாவில் காய்ந்த கடல்குதிரைகளைப் பார்த்தவள். "அதப் போய் எழுதுனா சேத்துக்குவாங்களா?" என்று பயந்தாள். எழுது என்றேன். அந்த மருத்துவத்தைப் படிக்கப் போகிறவள் அதன் மருந்துப்பெட்டிக்குள் என்ன கிடக்கிறது என்று தெரிந்துதான் வருகிறாள் என்பதைவிடப் பெரிய தகுதி என்ன வேண்டும்?

இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னேன். 2007ல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு வெளியானது. நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1162 பேர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், முறைப்படி ஊசி வைத்தவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. புள்ளியே இல்லாத இடங்களில் சும்மா மேலாக ஊசி வைத்தவர்களில் 44.2. மருந்து, பிசியோதெரபி, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களில் 27.4. ஊசிக்காரர்கள் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மட்டும் மேடையில் சொல்வார்கள். எதிர்ப்பவர்கள் முதல் இரண்டைச் சொல்வார்கள். எனக்கு மூன்றும் சேர்ந்தால்தான் தூக்கம் கெடுகிறது. புள்ளி முக்கியமில்லை என்றால் பிறகு எது குணமாக்கியது? இந்தக் கேள்வியோடு போ என்றேன்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், ஞாயிற்றுக்கிழமை அக்குபங்சர் வகுப்பில் சான்றிதழ் வாங்கிய ஒருவர் பேச்சைக் கேட்டுச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, கால் அழுகிப்போய் என் வாசலுக்கு வந்தவர்களைப் பார்த்தவன் நான்.

சட்ட விவரமும் தெரிந்துகொள்ளட்டும். மத்திய அரசு 2003ல் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாகவும், 2019ல் தனி மருத்துவ முறையாகவும் ஏற்றது. மேற்கு வங்கம் 1996லேயே இதற்கென்று சட்டம் போட்டது, மகாராஷ்டிரா 2015ல். தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அமெரிக்காவில் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, கலிபோர்னியாவுக்குத் தனித் தேர்வே உண்டு. அங்கே மூன்று வருஷம் படித்துவிட்டு ஊர் திரும்பினால் எந்தப் பலகையை மாட்டுவாள் என்பது எனக்குக் கவலைதான். அக்காவுக்கு அதைவிடப் பணக் கவலை. அதை இங்கே எழுதினால் அவள் என்னைக் கொன்றுவிடுவாள்.

புதுக் கட்டுரை முந்தாநாள் வந்தது. முதல் வரியில் அம்மாச்சியின் கால். போகரைக் காணோம். "முங்குதல்" என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன போட்டாலும் அவளுக்குத் திருப்தியில்லை, அதனால் தமிழிலேயே விட்டிருக்கிறாள். என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினோம். "எங்காலப் பத்தி எழுதவா அம்புட்டுத் தூரம் போறா?" என்று கேட்டாள்.

இரண்டு பரிந்துரைக் கடிதங்களில் ஒன்று அவள் பேராசிரியர் கொடுத்துவிட்டார். இன்னொன்றுக்கு நான் ஆக மாட்டேன், சொந்தக்காரர் எழுதக்கூடாதாம். ராமநாதபுரம், பரமக்குடிப் பக்கம் பிசியோதெரபியோ இயற்கை மருத்துவமோ பார்க்கிறவர்கள் யாராவது அவளை ஒரு மாதம் கூடவே உட்காரவைத்து வேலை கற்றுக்கொடுத்து, ஆள் எப்படி என்று பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதித் தர முடியுமா? இன்பாக்ஸில் சொல்லுங்கள். காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவாள்.