ஓடி முடித்த குதிரை

போன வாரம் நண்பர் ஒருவர் வீட்டில் பேச்சு எங்கெங்கோ சுற்றிக் குதிரை ஓவியங்களில் வந்து நின்றது. லண்டன் தேசியக் காட்சியகத்தில் பார்த்த ஒரு பெரிய குதிரையைப் பற்றி நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் டீயை ஆற்றியபடியே, "ஏம்ப்பா, ரேஸ் ஆடுறவங்களுக்கு வரைஞ்சு குடுத்ததெல்லாம் கலையா?" என்று கேட்டார். அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து பல் தேய்க்கும்போதுதான் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். அதனால் இங்கே எழுதுகிறேன். அவரும் இதைப் படிப்பார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ரேஸ் பிடிக்காது. காரணம் என் பெரியப்பா. சம்பளக் கவரோடு நேராக ரேஸுக்குப் போவார், பஸ்ஸுக்குக் கடன் வாங்கிக்கொண்டு வீடு வருவார். பெரியம்மாவின் வளையல்கள் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போனது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. தமிழ்நாடு அரசு 1974இல் கொண்டுவந்த குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் தொடர்பான வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் 'இது திறமை சார்ந்த ஆட்டம், சூதாட்டம் ஆகாது' என்று தீர்ப்புச் சொன்னது. எங்கள் வீட்டில் அதற்கு யாரும் கைதட்டவில்லை.

ஆனால் அதே பெரியப்பா வீட்டு முன்னறையில் ஒரு குதிரைப் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ஏதோ பத்திரிகையில் வெட்டியது. செம்பழுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. "இதுல எவ்வளவு ஜெயிச்சீங்க பெரியப்பா?" என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன். "இது எனக்கு ஒரு நாளும் ஜெயிச்சுக் குடுத்ததில்லடா. நிக்கிற அழகப் பாரு" என்றார்.

நண்பரே, என் பதில் அதுதான். ரேஸ் மைதானத்துக்குப் போகிற ஒரே ஆளுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவனுக்குப் போர்டில் ஏறுகிற நம்பர் போதும். குதிரைக்குப் பதில் ஆமை ஓடினாலும் அவன் பணம் கட்டுவான். இன்னொருவன் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டபின்னும் வேர்த்து நிற்கிற குதிரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். நல்ல கலைஞர்கள் வேலை செய்தது இந்த இரண்டாவது ஆளுக்கு.

ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1724இல் லிவர்பூலில் பிறந்தவர். அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழில். செத்த மிருகத்தின் வாடை சின்ன வயதிலேயே பழகிப்போன மூக்கு என்று வைத்துக்கொள்ளலாம். அது பின்னால் உதவியது. முப்பது வயதைத் தாண்டியபின் லிங்கன்ஷயரில் ஹார்க்ஸ்டோ என்ற ஒதுக்குப்புறமான ஊரில் ஒரு வீடு பிடித்து, செத்த குதிரைகளைக் கப்பி கட்டித் தொங்கவிட்டு, தோலை உரித்து, தசையை அடுக்கடுக்காகப் பிரித்து, எலும்பு வரைக்கும் வரைந்தார். சுமார் ஒன்றரை வருடம். அந்தப் படங்களைச் செதுக்கித் தரச் செதுக்குத் தொழிலாளிகள் முன்வராததால், செப்புத் தகட்டில் தானே செதுக்கி 1766இல் புத்தகமாகப் போட்டார்.

அவர் ஏன் இவ்வளவு தூரம் போனார்? அவருடைய வாடிக்கையாளர்கள் அப்படி. பிரபு ஒருவரின் முகத்தைக் கொஞ்சம் மெருகேற்றி வரைந்தால் அவர் மகிழ்ச்சியோடு காசு கொடுப்பார். அவருடைய குதிரையின் தோள்பட்டையைத் தப்பாக வரைந்தால் விடமாட்டார். அந்தக் குதிரையின் முழங்காலை அவர் தினமும் தடவிப் பார்க்கிறவர். கலை விமர்சகர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், இவ்வளவு கறாரான ரசிகர்கள் வேறு எந்த ஓவிய வகைக்கும் வாய்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

நான் பார்த்தது அவர் வரைந்த விசில்ஜாக்கெட். தங்கை குடும்பத்தைப் பார்க்க லண்டன் போனபோது, மழைக்கு ஒதுங்கத்தான் அந்தக் காட்சியகத்துக்குள் நுழைந்தேன் (இலவசம் என்பதும் ஒரு காரணம்). பல அறைகள் தள்ளி, வாசல்களுக்கு ஊடே, ஒரு குதிரை பின்னங்கால்களில் எழும்பி நின்றது. கிட்டத்தட்ட 3 மீட்டர் உயரத் துணி. மலை இல்லை, மரம் இல்லை, வானம் இல்லை, மேலே ஏறி உட்கார ஒரு மனிதன்கூட இல்லை. வெறும் பழுப்பு மஞ்சள் வெளியில் குதிரை மட்டும். 1759இல் யார்க் நகரில் 2000 கினி (அந்தக் காலத்து ஆங்கிலத் தங்கக் காசு) பந்தயத்தை வென்ற குதிரை அது. உரிமையாளர் ராக்கிங்ஹாம் பிரபு, பின்னால் பிரதமரே ஆனவர். அந்த வெற்றிக்கான அடையாளம் படத்தில் எங்கேயும் கிடையாது. அந்த ஓவியத்தைக் காட்சியகம் 1997இல் 1 கோடியே 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது.

ஜிம்கிராக் என்ற குதிரைக்கு ஸ்டப்ஸ் 1765இல் வரைந்த படம் இதைவிடச் சுவாரசியமானது. ஒரே துணியில் இரண்டு காட்சிகள். தூரத்தில், பின்னணியில், ஜிம்கிராக் மற்ற குதிரைகளை முந்தி வருகிறது, சின்னஞ்சிறு உருவம். பார்வையாளர் மாடம் காலியாகக் கிடக்கிறது. முன்னால், பெரிதாக, ஓடி முடித்த ஜிம்கிராக்கை ஒரு லாயப் பையன் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கிறான். ஜெயித்ததைப் பின்னால் தள்ளிவிட்டு வேர்வை துடைப்பதை முன்னால் வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். அதுவும் ஜெயித்ததற்காகவே படம் கேட்கிற பிரபுவிடம்! இந்த ஓவியம் 2011 ஏலத்தில் 2 கோடியே 24 லட்சம் பவுண்டுக்குப் போனது.

1800இல், எழுபத்தைந்து வயதுக்கு மேல், அதையே இன்னும் கடுமையாகச் செய்தார். முந்தைய வருடம், இங்கிலாந்தில் ரேஸுக்குப் பேர்போன நியூமார்க்கெட் ஊரில் ஹாம்பிள்டோனியன், டயமண்ட் என்ற இரண்டு குதிரைகளுக்கு 3000 கினி பந்தயம். நான்கு மைலுக்கு மேற்பட்ட ஓட்டம். சவுக்கும் குதிமுள்ளுமாக இரண்டையும் குற்றுயிராக்கி, அரைக் கழுத்து வித்தியாசத்தில் ஹாம்பிள்டோனியன் ஜெயித்தது. அதன் உரிமையாளர் சர் ஹென்றி வேன்-டெம்பெஸ்ட் ஓவியத்துக்குச் சொல்லியிருந்தார். ஸ்டப்ஸ் வரைந்தது, ரேஸ் முடிந்து, நரம்பு புடைத்து, வாய் திறந்து, நிற்கவும் முடியாமல் நிற்கிற குதிரையை. கடிவாளத்தைப் பிடித்தபடி ஒருவர். கழுத்துக்கு மேலே கை போட்டபடி ஒரு லாயப் பையன். இருவரும் நம்மையே பார்க்கிறார்கள். 'என்ன, திருப்தியா?' என்று கேட்பதுபோல எனக்குத் தோன்றும். காசு வாங்க ஸ்டப்ஸ் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. கிழவர் போனார், ஜெயித்தார்.

இதைப் பார்த்தபின் மற்றவர்களையும் கவனிக்க ஆரம்பித்தேன். பிரெஞ்சு ஓவியர் எட்கர் தெகாவின் ரேஸ் ஓவியங்களில் பெரும்பாலும் ஓட்டமே இல்லை. தொடங்குவதற்கு முன் ஜாக்கிகள் இங்குமங்கும் திரிகிறார்கள், ஒரு குதிரை முரண்டு பிடிக்கிறது, இன்னொன்று படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறது. இருபது வயதில் ஒரு கண் பார்வை போன ஆங்கில ஓவியர் ஆல்ஃபிரெட் மன்னிங்ஸ், நியூமார்க்கெட்டில் புறப்படும் இடத்தில் முண்டியடிக்கிற குதிரைகளைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தார். இவர்கள் இருவரும் ஓட்டத்துக்கு முன்னால், ஸ்டப்ஸ் ஓட்டத்துக்குப் பின்னால். முடிவுக் கோடு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. இப்போது அதைப் பார்த்துக்கொள்ளக் கேமரா இருக்கிறது.

கேமரா என்றதும் என் வாதத்தில் இருக்கிற ஓட்டையையும் சொல்ல வேண்டும். ரசிகர்கள் கறாரானவர்கள் என்றேனே, அதே கறாரான ரசிகர்கள் ஒரு பெரிய பொய்யைத் தலைமுறை தலைமுறையாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பழைய ரேஸ் படங்களில் குதிரைகள் முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களைப் பின்னாலும் விரித்து அந்தரத்தில் பறக்கும். பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821இல் வரைந்த எப்சம் டெர்பி பந்தயம் இதற்குப் பெயர்போன உதாரணம். 1878இல் கலிபோர்னியாவில், ரேஸ் குதிரைகள் வைத்திருந்த லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் செலவில், எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். நாலுகால் பாய்ச்சலில் குதிரை அந்தரத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அப்போது கால்கள் விரிந்திருப்பதில்லை, வயிற்றுக்கு அடியில் மடங்கிச் சுருண்டிருக்கின்றன. வாழ்நாள் முழுக்கக் குதிரை பார்த்தவர்களுக்கும் அது கண்ணில் பட்டதில்லை. தெகா அந்தப் புகைப்படங்களை உட்கார்ந்து படித்தார். சிற்பி ரோடான் ஜெரிக்கோ பக்கம் நின்று, கேமராதான் பொய் சொல்கிறது என்று வாதாடினார். மனசளவில் நான் ரோடான் கட்சி. ஆனாலும் மடங்கிய காலைப் பார்த்தபின் விரித்த காலைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

கறாருக்கு எனக்குப் பிடித்த ஆள் பிலிப் பிளாக்கர். இங்கிலாந்தில் தடை தாண்டும் பந்தயங்களில் ஜாக்கியாக இருந்தவர். அந்த வகையில் பெரிய பந்தயமான கிராண்ட் நேஷனல் 1973இல் நடந்ததை ரேஸ் பைத்தியங்கள் இன்றைக்கும் பேசுவார்கள். கிரிஸ்ப் என்ற குதிரை கண்ணுக்கெட்டாத தூரம் முன்னால் போய், கடைசியில் கால் துவண்டு தள்ளாட, துரத்தி வந்த ரெட் ரம் முக்கால் உடல் நீள வித்தியாசத்தில் பிடித்தது. அந்த ரேஸில் ஸ்பானிஷ் ஸ்டெப்ஸ் என்ற குதிரையில் நான்காவதாக வந்தவர் பிளாக்கர். அதாவது, ரெட் ரம்மின் பின்பக்கத்தைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தவர். பிறகு ஜாக்கி வேலையை விட்டுவிட்டுச் சிற்பியானார். கிராண்ட் நேஷனல் நடக்கிற ஏன்ட்ரீ மைதானத்தில் 1988இல் வைத்த ரெட் ரம் வெண்கலச் சிலை அவர் செய்தது. தன்னைத் தோற்கடித்த குதிரையை எலும்பு எலும்பாகக் களிமண்ணில் பிடித்து எடுத்திருக்கிறார் மனுஷன். ரெட் ரம் 1995இல் செத்தபோது அதே மைதானத்தில், வெற்றிக் கம்பத்துக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

சரி, ஓவியமும் சிலையும் காசுள்ளவன் வீட்டுக்குப் போகிறவை. பெயர் தெரியாத கைகள் செய்பவையும் நிறைய. ஜாக்கி போடுகிற வண்ணச் சட்டை எனக்குப் பிடித்த வேலை. 1762இல் நியூமார்க்கெட்டில், ஒவ்வொரு உரிமையாளரும் தனக்கென்று நிறம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ரேஸை நடத்திய ஜாக்கி கிளப் முடிவு செய்தது. தூரத்தில் வருகிற குதிரை யாருடையது என்று அடையாளம் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அரை மைல் தூரத்தில் இருந்து பார்க்கிறவன் கண்ணுக்காகத் துணி வெட்டுகிற தையல்காரரை யோசித்துப் பாருங்கள். நட்சத்திரமோ பட்டையோ கொஞ்சம் சிறுத்துவிட்டால் அங்கிருந்து வெறும் சாயம் தோய்ந்த புள்ளி.

அமெரிக்காவில் கென்டக்கி டெர்பியில் ஜெயித்த குதிரைக்குப் போடுகிற ரோஜா மாலையை, 1987 முதல் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் பூப்பிரிவு ஊழியர்கள் தைக்கிறார்கள். 400க்கு மேல் சிவப்பு ரோஜாக்கள், பச்சைச் சாட்டின் துணியில். முந்தைய இரவு கடையில் உட்கார்ந்து தைப்பதை ஊரே நின்று வேடிக்கை பார்க்கும். ரேஸ் நடப்பது சுமார் 2 நிமிடம். அதே பந்தயத்தின் தங்கக் கோப்பையில் ஒரு லாடம் உண்டு. 1924இலிருந்து அது கவிழ்ந்தபடி இருந்தது. அதிர்ஷ்டம் கீழே கொட்டிவிடும் என்று 1999இல் திருப்பி நிமிர்த்தினார்கள். முக்கால் நூற்றாண்டு ஜெயித்தவர்களுக்கு அதிர்ஷ்டம் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. வாசலில் லாடம் அடித்து வைக்கிற நம் ஆட்களுக்கு இந்தக் கவலை உடனே புரியும்.

தொப்பியில்தான் என் வாதம் உதைக்கிறது. இங்கிலாந்தில் அரச குடும்பமே வருகிற ராயல் ஆஸ்காட் ரேஸுக்குப் பெரிய பெரிய தொப்பி வைத்துக்கொண்டு போகிறவர்களில் பாதிப் பேர் குதிரையைப் பார்ப்பதே இல்லை என்று சத்தியம் செய்வேன். அங்கே அரச வளாகத்துக்குள் போக, தலையில் இருப்பதன் அடிப்பகுதி குறைந்தது 10 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 2012இல் விதி போட்டார்கள். ஆனால் தொப்பி செய்கிற கையைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தொப்பிகளில் பெரும்பாலானவை சினமே என்ற வலைத்துணியில் ஆனவை. அது பிலிப்பைன்ஸில் விளைகிற, வாழை இனத்தைச் சேர்ந்த அபாக்கா என்ற செடியின் நாரில் நெய்தது. அடுக்கடுக்காக வைத்து ஈரம் காட்டி, மர அச்சின்மேல் இழுத்துப் பிடித்து, காய்ந்தபின் ஓரம் மடித்துத் தைத்து, மேலே இறகாலும் பட்டாலும் பூ வைக்கிறார்கள். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்களே, இங்கே நாரை நம்பித்தான் பூவே நிற்கிறது. ஆண்கள் அணிகிற பட்டு உயரத் தொப்பியின் கதை வேறு. அதற்கான பட்டுத்துணியை இப்போது யாரும் நெய்வதில்லை. தாத்தா காலத்துத் தொப்பிகளைத் தேடிப்பிடித்துச் செப்பனிட்டு, ஆயிரக்கணக்கான பவுண்டுக்கு விற்கிறார்கள்.

இதையெல்லாம் எழுதும்போது பெரியப்பாவின் படம் ஞாபகம் வந்து, நேற்று பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். பெரியப்பா போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. "அந்தக் குதிரைப் படம் எங்க பெரியம்மா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சட்டம் நல்ல தேக்குடா, வீணாக்க வேணாம்னு முருகன் காலண்டர வெட்டி மேல வச்சுட்டேன். குதிரை பின்னாடிதான் இருக்கு" என்றார். எனக்குத் தருவீர்களா என்று கேட்டேன். மாட்டின சாமி படத்தைக் கழற்றக் கூடாதாம்.